விற்றதும் திரும்பியதும்

‘இன்று விற்பனை எவ்வளவு?’ என்பதே கடை அடைக்கும் வேளையில் முதலாளி கணக்கரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. கணக்கர் ஒரு தொகையைச் சொல்கிறார். முதலாளி தலையை அசைத்துவிட்டுப் பூட்டை எடுக்கிறார். கேள்வியும் எளிது, விடையும் எளிது என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு தொகைக்குள் எத்தனை வேறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம். வணிகவியல் பயிலும் மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. நாளை நீங்கள் எந்த அலுவலில் அமர்ந்தாலும், யாரோ ஒருவர் கூட்டிக் கொடுத்த தொகையை நம்பி ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கும். அம்முடிவினால் நன்மையோ தீமையோ அடைபவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு துணிக்கடையில் ஒரே நாளில் 40,000 ரூபாய்க்குத் துணி விற்றது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சட்டை அளவு பொருந்தவில்லை என்று ஒருவர் வருகிறார். புடைவையில் நூல் இழுத்திருக்கிறது என்று மற்றொருவர் வருகிறார். இவ்வாறு 6,000 ரூபாய்ப் பெறுமான துணிகள் கடைக்கே திரும்பிவிடுகின்றன. முதலில் விற்ற 40,000 ரூபாயை முழு விற்பனை என்போம். திரும்பிய 6,000 ரூபாயைப் பாடநூல்கள் விற்பனைத் திருப்பம் என்கின்றன. கடைவீதியில் ‘வாபஸ்’ என்றும் ‘ரிட்டன்’ என்றும் சொல்கிறார்கள். கழித்து எஞ்சும் 34,000 ரூபாய் நிகர விற்பனை. ‘மொத்த விற்பனை’ என்று சொல்லாமல் ‘முழு விற்பனை’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கடைவீதியில் மொத்த விற்பனை என்றால் மூட்டை மூட்டையாகச் சில்லறைக் கடைக்காரர்க்கு விற்பது என்றே பொருள். ஒரு சொல் இரண்டு பொருளுக்கு நின்றால் கணக்கு அப்போதே தடுமாறத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு மாணவர் எழுந்து, ‘ஐயா, 6,000 ரூபாயை விற்பனையிலேயே அடித்துவிட்டு 34,000 என்று எழுதிவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வெனிஸ் நகரில் 1494ஆம் ஆண்டு லூகா பாசியோலி என்னும் துறவி அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை விளக்கப்பட்டது. அம்முறையில் வளர்ந்த கணக்கியல் பிழையைக்கூட அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு ஒன்று எழுதித்தான் நேர் செய்கிறது. விற்பனைத் திருப்பத்திற்கும் தனி ஏடு வைக்கிறது. காரணம் இதுதான்: ஒரு கடை 1,00,000 ரூபாய்க்கு விற்று 2,000 ரூபாய்ச் சரக்கைத் திரும்பப் பெறுகிறது. பக்கத்துக் கடை 1,60,000 ரூபாய்க்கு விற்று 62,000 ரூபாய்ச் சரக்கைத் திரும்பப் பெறுகிறது. இரண்டிலும் நிகர விற்பனை 98,000 ரூபாய்தான். ஆயினும் இரண்டும் ஒரே நிலையில் உள்ள கடைகளா? இரண்டாவது கடையில் ஆட்கள் கட்டிக் கொடுத்ததையே மறுபடி அவிழ்த்து அடுக்கியிருக்கிறார்கள்; வண்டிக்கூலி இருமுறை கொடுத்திருக்கிறார்கள்; மடிப்புக் கலைந்த துணியைக் குறைந்த விலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். நிகரத் தொகையை மட்டும் எழுதினால் இவ்வளவும் மறைந்துபோகும்.

இனி, கற்பனைக் கடைகளை விட்டுவிட்டு உண்மையான ஒரு கடையின் ஏட்டைப் புரட்டுவோம். இங்கிலாந்து நாட்டில், கடைவீதியில் கடை வைக்காமல் இணையத்தின் வழியே பரிசுப் பொருள்கள் விற்ற ஒரு நிறுவனம் உண்டு. அதன் வாடிக்கையாளருள் பலர் வாங்கி விற்கும் வணிகர்களே. அந்நிறுவனத்தில் 2010 டிசம்பர் 1ஆம் நாள் முதல் 2011 டிசம்பர் 9ஆம் நாள் வரை நடந்த கொடுக்கல் வாங்கல் முழுவதையும் இலண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வழங்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் நகரக் கிளை யாவரும் எடுத்துப் பயிலுமாறு வெளியிட்டுள்ளது. வாங்கியவர் பெயர் எதுவும் அதில் இல்லை. எண் மட்டுமே உண்டு. உலகெங்கும் கல்லூரி மாணவர்கள் புள்ளியியற் பயிற்சிக்கு இதை எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கும் இது பல மாலைப் பொழுதுகளை இனிமையாகப் போக்கிக் கொடுத்தது. தலைமையாசிரியர் வேலையில் வருகைப் பதிவேட்டின் கூட்டல்களைச் சரிபார்த்தே பழகிய கண்ணுக்கு, இன்னொருவர் ஏட்டைக் கண்டால் விட்டுவிட மனம் வருவதில்லை.

அந்த ஏட்டில் 5,41,909 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் எட்டுப் பத்திகள்: சீட்டு எண், சரக்குக் குறி, சரக்கின் பெயர், எண்ணிக்கை, நாளும் நேரமும், ஒன்றின் விலை, வாங்கியவர் எண், நாடு. சரக்கு திரும்பினாலோ, வாங்கியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ அதற்கென்று புதிய சீட்டு ஒன்று எழுதி, அதன் எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, எண்ணிக்கையைக் கழித்தற் குறியுடன் பதிந்திருக்கிறார்கள். பழைய சீட்டை அழிக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னைய கணக்கர் கண்டாலும் ஒப்புக்கொள்ளும் முறை.

இப்போது முதலாளியின் கேள்வியைக் கேட்போம். ‘விற்றதில் எவ்வளவு திரும்பியது?’

வரிகளை எண்ணிப் பார்த்தேன். 5,41,909 வரிகளில் ‘சி’ எழுத்துள்ளவை 9,288. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, 1.7 தான். ‘இவ்வளவு நல்ல கடையா!’ என்று வியக்கத் தோன்றுகிறது. அடுத்து வரிகளை விட்டுச் சீட்டுகளை எண்ணினேன். வெவ்வேறு சீட்டுகள் 25,900. அவற்றில் திருப்பச் சீட்டுகள் 3,836. நூற்றுக்கு ஏறத்தாழ 15! வியப்பு கவலையாக மாறிவிடுகிறது. பின்பு பணத்தைக் கூட்டினேன். முழு விற்பனை ஏறத்தாழ 1,06,66,700 பவுண்டு. திருப்பச் சீட்டுகளின் தொகை ஏறத்தாழ 8,96,800 பவுண்டு. நூற்றுக்கு 8.4.

கடை ஒன்று, ஏடு ஒன்று, காலமும் ஒன்று. விடைகள் மட்டும் மூன்று. அவற்றுள் எதுவும் பொய்யும் அன்று. ஏன் இப்படி வேறுபடுகின்றன? ஒரு விற்பனைச் சீட்டில் சராசரியாக 24 வரிகள் அளவுக்குச் சரக்குகள் இருக்கின்றன. திருப்பச் சீட்டிலோ இரண்டு அல்லது மூன்று வரிகளே. அதாவது, 24 வகைப் பண்டங்கள் வாங்கியவர் பெட்டியைத் திறந்து பார்த்து, அவற்றுள் இரண்டு மூன்று வகைகளை மட்டுமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆதலால் வரிக் கணக்கில் திருப்பம் மிகச் சிறியதாகவும், சீட்டுக் கணக்கில் பெரியதாகவும் தெரிகிறது. சரக்கின் தரத்தை அறிய விரும்புபவர்க்கு வரிக் கணக்கு பயன்படும். குறையோடு திரும்பி வருவோர்க்கு விடை சொல்லும் மேசையில் எத்தனை பேரை அமர்த்தலாம் என்று எண்ணுபவர்க்குச் சீட்டுக் கணக்கு வேண்டும். வங்கியில் எவ்வளவு பணம் நிற்கும் என்று கேட்பவர் பணக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்தால் விளைவு சிறியதன்று. ‘நூற்றுக்குப் பதினைந்து திரும்புகிறதாம்’ என்று கேள்விப்பட்ட முதலாளி, ‘வாங்குகிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள், இனி எதையும் திரும்பப் பெறாதே’ என்று ஆணையிட்டுவிடக்கூடும். உடைந்த பீங்கான் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஏழைப் பெண்மணி அந்த ஆணையின் பயனை அனுபவிப்பார். அவர் செய்த குற்றம் என்ன? யாரோ ஒருவர் வகுக்கும்போது கீழே தவறான எண்ணைப் போட்டதுதான். எனவே எந்த விகிதத்தைக் கேட்டாலும், ‘எதில் எத்தனை?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைக்கலாகாது.

பணக் கணக்கு 8.4 என்று கூறினேன். அதையாவது அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்றால், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2011 டிசம்பர் 9ஆம் நாள், அதாவது ஏட்டின் இறுதி நாள், காலை 9 மணி 15 நிமிடத்திற்கு ஒருவர் 80,995 காகிதப் பறவைப் பொம்மைகள் வாங்கியதாகச் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது. தொகை 1,68,469 பவுண்டு 60 பென்னி. 9 மணி 27 நிமிடத்திற்கு அது முழுவதும் ‘சி’ எழுத்துடன் திருப்பி எழுதப்பட்டிருக்கிறது. இடையில் சென்றவை பன்னிரண்டே நிமிடங்கள். இதே போன்ற நிகழ்ச்சி அவ்வாண்டு சனவரி 18ஆம் நாளும் நடந்தது. ஒருவர் 74,215 பீங்கான் சாடிகளை 77,183 பவுண்டு 60 பென்னிக்கு 10 மணி 1 நிமிடத்தில் வாங்கி, 10 மணி 17 நிமிடத்தில் வேண்டாம் என்றிருக்கிறார்.

பன்னிரண்டு நிமிடங்களில் எண்பதினாயிரம் பொம்மைகளைக் கட்டி அனுப்பி, அவை போய்ச் சேர்ந்து, பிடிக்காமல் திரும்பி வர முடியுமா? முடியாது. எண்ணிக்கையைத் தட்டும்போது விரல் தவறியிருக்கலாம். வேறு எதுவாகவேனும் இருக்கலாம். எப்படியாயினும் சரக்கு கிடங்கை விட்டு அசையவில்லை என்பது தெளிவு. இதற்குத் திருப்பம் என்று பெயர் கூறுதல் பொருந்தாது. இரத்து என்பதே பொருந்தும். கடையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது திருப்பம். போகாமலே நின்றுவிட்டது இரத்து. முன்னதற்கு வண்டிக்கூலியும் சேதமும் உண்டு. பின்னதற்கு ஒரு தாள்தான் செலவு. அந்த நிறுவனத்து ஏட்டில் இரண்டிற்கும் ஒரே எழுத்து. ஆதலால் நேரத்தைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு கொடுக்கல்களையும் மட்டும் இரு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டுக் கணக்கிட்டேன். 8.4 ஆக இருந்த விகிதம் ஏறத்தாழ 6.2 ஆகிவிட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளுள் நான்கு வரிகள் செய்த வேலை அது!

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். மிகுதியாக வாங்கிய பதின்மர் யார் என்று பட்டியலிடும்போது, திருப்பச் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு விற்பனைச் சீட்டுகளை மட்டும் கூட்டுவோர் பலர். அவ்வாறு கூட்டினால் காகிதப் பறவை வாங்கியவர் நான்காம் இடத்தில் வந்து நிற்பார். பீங்கான் சாடி வாங்கியவர் பத்தாம் இடத்தில் நிற்பார். திருப்பத்தைக் கழித்துப் பார்த்தால், முன்னவர் அந்த ஓராண்டுக் காலத்தில் உண்மையாக வாங்கி வைத்துக்கொண்டது மே மாதத்தில் எடுத்த இரண்டு சமையலறைத் தூரிகைகள். விலை 2 பவுண்டு 90 பென்னி. பின்னவர் வாங்கியது ஒன்றுமே இல்லை. ‘எங்கள் மேலான வாடிக்கையாளர் பதின்மருக்குப் பரிசு’ என்று அந்தக் கடை அறிவித்திருந்தால், இரண்டு பரிசுகள் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கழித்தற் குறி கண்ட இடமெல்லாம் திருப்பம் என்று கருதிவிடவும் கூடாது. ‘சி’ எழுத்து இல்லாமலே 1,336 வரிகளில் எண்ணிக்கை கழித்தற் குறியுடன் இருக்கிறது. விலைப் பத்தியில் சுழி; வாங்கியவர் எண் இல்லை. கிடங்கில் உடைந்தவை, எண்ணிப் பார்த்தபோது குறைந்தவை முதலியனவற்றைச் சரிசெய்த பதிவுகள் அவை. வாராக்கடன் சரிக்கட்டல் என்று மூன்று வரிகள், தள்ளுபடி என்று சில வரிகள், அஞ்சற் செலவு என்று பல வரிகள். ஒரே வரி இருமுறை எழுதப்பட்டவையும் ஐயாயிரத்துக்கு மேல் உண்டு. நான் சொல்லும் தொகைகள் அவற்றை நீக்காமல் கூட்டியவை. ஏட்டைத் திறந்தவுடன் கூட்டத் தொடங்கிவிடாமல், நூறு வரிகளையாவது கண்ணால் படித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். இக்காலத்துக் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் கூட்டிக் கொடுத்துவிடுவதனால் இந்தப் பொறுமை குறைந்துவருகிறது என்பது என் எண்ணம்.

இதுவரை சரக்கைப் பற்றிப் பேசினோம். வாங்கியவரைப் பற்றி ஏடு என்ன சொல்கிறது?

‘வாடிக்கை’ என்றால் வழக்கம். வழக்கமாக ஒரே கடைக்கு வருபவரே வாடிக்கையாளர். இன்று ஒரு முறை எட்டிப் பார்த்தவரையும் வாடிக்கையாளர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஏட்டில் 4,372 பேருடைய எண்கள் காணப்படுகின்றன. இவர்களுள் விற்பனைச் சீட்டு உடையவர் 4,339 பேர். இவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அக்காலத்தில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள். பழைய பொருளில் அவர்களை வாடிக்கையாளர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் 2011 நவம்பர் இறுதியில் முதன்முதலாக வாங்கியவர்க்கு மறுபடி வருவதற்கு இடமே இல்லாமல் ஏடு முடிந்துவிட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களையும் ‘திரும்பி வராதவர்’ கணக்கில் சேர்ப்பது நேர்மையன்று.

‘திரும்பி வருதல்’ என்னும் தொடர் நம் மொழியில் சரக்குக்கும் பொருந்துகிறது, மனிதருக்கும் பொருந்துகிறது. கணக்கில் இவ்விரண்டும் கலந்துவிடுவதுண்டு. சனவரி 18ஆம் நாள் பீங்கான் சாடி வாங்கியவர் பெயரில் இந்த ஏட்டில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன: ஒன்று வாங்கியது, ஒன்று இரத்தானது. சீட்டுகளை எண்ணி ‘எத்தனை முறை வந்தார்?’ என்று கணக்கிடுபவர், இவரை இரண்டு முறை வந்த வாடிக்கையாளர் என்று எழுதிவிடுவார். பதினாறு நிமிடங்களில் இரண்டு வருகைகள்!

4,372 பேர் என்றும் 4,339 பேர் என்றும் கூறினேன் அல்லவா? இடையில் உள்ள அந்த 33 பேர் யாவர்? அவர்களுடைய பெயரில் திருப்பச் சீட்டுகள் மட்டுமே உள்ளன. விற்பனைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. வாங்காத பொருளை எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள்? அவர்கள் 2010 டிசம்பருக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஏட்டின் முதல் பக்கம் அவர்கள் கதையின் நடுவில் தொடங்குகிறது, அவ்வளவே. இதனால்தான், ஒவ்வொருவர் கணக்கையும் நிகரமாகக் கூட்டும்போது ஒருவருடைய தொகை சுழிக்கும் கீழே இறங்கி 4,287 பவுண்டு கழிவில் நிற்கிறது. கடைக்குக் கொடுத்ததைவிடக் கடையிலிருந்து பெற்றது மிகுதி என்று பொருள். அவரைக் குற்றவாளி என்று எண்ணத் தோன்றினால், முந்திய ஆண்டின் ஏட்டைக் கேளுங்கள் என்பேன்.

ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு என்று பார்த்தால், நிகரக் கணக்கில் 1,898 பவுண்டு வருகிறது. ஆனால் 4,372 பேரையும் தொகை வரிசைப்படி நிற்கவைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் அவர் 648 பவுண்டு என்கிறார். இதனை இடைநிலை அளவு என்று புள்ளியியலார் கூறுவர். சராசரி இவ்வளவு மேலே இழுக்கப்பட்டதற்குக் காரணம், வரிசையின் உச்சியில் நிற்கும் ஒருவர் தனியாகவே 2,79,489 பவுண்டுக்கு வாங்கியிருப்பதுதான். வாங்கி விற்கும் பெருவணிகரும், பாட்டிக்குப் பிறந்தநாட் பரிசு வாங்கியவரும் ஒரே வரிசையில் நிற்கும்போது சராசரி இருவரில் ஒருவரையும் காட்டுவதில்லை. மேலும், 1,35,080 வரிகளில் வாங்கியவர் எண்ணே இல்லை. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அவர்கள் யார், எத்தனை பேர் என்று இந்த ஏடு பேசாது. எனவே ‘ஒருவருக்கு இவ்வளவு’ என்னும் கூற்று எண் உள்ளவர்க்கு மட்டுமே பொருந்தும்.

வாங்கியவர் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு வைப்பது கணிப்பொறி வந்த பின் தோன்றிய புதுமை என்று கருத வேண்டா. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நெசவாளர் முதலிய தொழிலாளர் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடையில், கிடைத்த உபரியை உறுப்பினர்க்கு அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். யார் எவ்வளவு வாங்கினார் என்று எழுதி வைக்காமல் இது நடவாது. அந்த முறையை முன்மாதிரியாகக் கொண்டே 1904ஆம் ஆண்டு சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இத்தகைய கடையில் ஓர் உறுப்பினர் அரிசி மூட்டையைத் திருப்பிக் கொடுத்தால், அவர் கணக்கிலிருந்தும் அது கழிக்கப்பட வேண்டும். கழிக்காவிட்டால் அவர் உண்ணாத அரிசிக்குப் பங்கு பெறுவார். அந்தப் பங்கு மற்ற உறுப்பினரின் பையிலிருந்து போகும். வாங்கியவர் கணக்கில் நேரும் பிழை அங்கே நேரே அயலாரின் அடுப்பைத் தொட்டது.

காலத்தைப் பற்றி முன்னரே சிறிது தொட்டோம். சரக்கு மார்ச்சு மாதத்தில் விற்று, ஏப்பிரல் மாதத்தில் திரும்பி வந்தால் எந்த மாதத்தில் கழிப்பது? ஏப்பிரலில் கழித்தால் மார்ச்சு மாதம் உள்ளதைவிடச் சிறப்பாகவும் ஏப்பிரல் மோசமாகவும் தோன்றும். நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிவதனால், ஆண்டு முடிவில் சரக்கைத் தள்ளிவிட்டுப் பெரிய விற்பனை காட்டும் ஆசையும் சிலர்க்கு எழுவதுண்டு. இதற்காகவே, இந்தியாவில் 2018 ஏப்பிரல் 1 முதல் பெரிய நிறுமங்கள் பின்பற்றும் 115ஆம் எண் இந்தியக் கணக்கியல் தரம், திரும்பும் என்று எதிர்பார்க்கும் பகுதியை விற்ற அன்றே வருவாயில் சேர்க்காமல் ஒதுக்கி, திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகக் காட்டச் சொல்கிறது. நூறு பொருள்களை ஒவ்வொன்றும் 100 ரூபாய் வீதம் விற்று, ஐந்து திரும்பும் என்று முன்னனுபவத்தால் அறிந்திருந்தால், வருவாய் 10,000 அன்று, 9,500 ரூபாயே. 2017 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியிலும், சரக்கு திரும்பினால் விற்றவர் வரவுக் குறிப்பு எழுதி, தாம் செலுத்த வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் நாள், அல்லது ஆண்டறிக்கை அளித்த நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான் அதற்குத் தவணை.

இவ்வளவையும் கேட்டபின், திருப்பம் குறைவாக உள்ள கடையே நல்ல கடை என்று நீங்கள் முடிவு செய்துவிடக்கூடும். ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டால் திருப்பம் சுழியாகிவிடும். சரக்கு நன்றாயிற்றா என்ன? வாங்கியவர் வாயை அடைத்தாயிற்று, அவ்வளவுதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்று வகுத்திருக்கிறது. அந்த அச்சு வரியைக் கண்டு அஞ்சி, கிழிந்த புத்தகத்தையும் ஓடாத கடிகாரத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ளும் மாணவர் இதை அறிந்திருப்பது நல்லது. மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தின் இந்தப் பகுதி தரவில்லை. அது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தது.

அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் ஏட்டில் எட்டுப் பத்திகள் என்று சொன்னேன். ஒன்பதாவது பத்தி ஒன்று சேர்க்க எனக்கு உரிமை இருந்தால், ‘காரணம்’ என்று அதற்குத் தலைப்பு இடுவேன். உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது, காலம் கடந்து வந்தது, எண்ணிக்கை தவறாகத் தட்டப்பட்டது, பிடிக்கவில்லை என இவ்வாறு ஒரு சொல் போதும். உடைந்தது என்றால் கட்டும் இடத்தில் வைக்கோலையோ அட்டையையோ கூட்ட வேண்டும். வேறு பொருள் வந்தது என்றால் கிடங்கில் அடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை தவறு என்றால், எண்பதினாயிரம் என்று ஒருவர் தட்டும்போது ‘மெய்யாகவே இவ்வளவு வேண்டுமா?’ என்று கணிப்பொறியே ஒரு முறை கேட்கும்படி செய்துவிடலாம். அந்தப் பத்தி இல்லாமையால், 9,288 வரிகளையும் எத்தனை விதமாகக் கூட்டினாலும், எவ்வளவு திரும்பியது என்பதற்கு மட்டுமே விடை கிடைக்கிறது. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தால், அதன் திருப்ப ஏட்டில் இந்தப் பத்தி இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் அளவுகோலும் பேனாவும் போதும். ஒரு கோடு இழுக்க இரண்டு நிமிடங்கள் ஆகும்.